பரணில் கிடக்கும் ஃபைல்: சிறுவயதில் கேன்சர் குணமானவர்களின் இதயம் பற்றி

எங்கள் கொங்குப் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குக் கேன்சர் வந்து குணமாகிவிட்டால், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்து நேர்த்திக்கடன் தீர்த்த கையோடு வீட்டார் இன்னொரு காரியமும் செய்வார்கள். ஆஸ்பத்திரி ஃபைலைக் கண்ணில் படாத இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பரண், பழைய டிரங்குப் பெட்டி, தோட்டத்துச் சாளையில் ஒரு மூலை. ஆற்றில் விட்டவர்களும் உண்டு. "அதோட தலை முழுகியாச்சுங்க, இனி அந்தப் பேச்சே வேண்டாம்" என்பார்கள். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி வராண்டாவில் பாய் போட்டுப் படுத்தவர்கள் சொல்கிற வார்த்தை அது. அதில் குற்றம் காண எனக்கு மனம் வராது.

ஆனாலும் அந்த ஃபைல் வேண்டும். இருபது வருடம் கழித்தும் வேண்டும், நாற்பது வருடம் கழித்தும் வேண்டும். எதற்கு என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நான் மருத்துவம் படித்தவன் அல்ல. ஒரு தங்கைக்கு அண்ணன். அவளுக்காகப் படித்ததையும், மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

1999-ல் அவளுக்கு ஆறு வயது. பிளட் கேன்சர் என்றார்கள். கோபியிலிருந்து கோயம்புத்தூருக்கு இரண்டரை வருடம் பஸ்ஸில் போய் வந்தோம். குணமானது. பள்ளிக்கூடம், கல்லூரி, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை, கல்யாணம் என்று எல்லாம் மற்ற பெண்களுக்கு நடப்பது போலவே நடந்தது. 2019-ல் ஐந்தாம் மாதக் கர்ப்பத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. "மாசமா இருக்கறவளுக்கு மூச்சு வாங்காம இருக்குமா" என்றார் அம்மா. மகப்பேறு மருத்துவர், "சின்ன வயசுல பெரிய நோய் ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டபோதும் அம்மாதான் முந்திக்கொண்டு, "ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்றார். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் இருந்தார்கள். வெளியே வந்ததும் தங்கை அழுதாள். பிறகு தானாகவே திரும்ப உள்ளே போய் உண்மையைச் சொன்னாள்.

அடுத்து மருத்துவர் கேட்ட கேள்விக்கு எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. "சிவப்பு மருந்து போட்டாங்களா? மொத்தம் எவ்வளவு?"

சிவப்பு மருந்து

கீமோ வார்டில் இருந்தவர்களுக்கு அந்த மருந்து நினைவிருக்கும். ரோஸ்மில்க்கும் இல்லாமல் ரத்தமும் இல்லாமல் நடுவே ஒரு நிறத்தில் சிரிஞ்சில் இருக்கும். போட்ட அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். அதைப் பார்த்து ரத்தம் என்று பயந்து நர்ஸைத் தேடி ஓடிய தாய்மார்கள் எத்தனையோ பேர்.

அதன் குடும்பப் பெயர் ஆந்த்ராசைக்ளின். டாக்சோரூபிசின், டானோரூபிசின், எபிரூபிசின், ஐடாரூபிசின் எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1950-களில் இத்தாலியில் காஸ்டெல் டெல் மான்ட்டே என்ற பழைய கோட்டைக்குப் பக்கத்தில் எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிரி கிடைத்தது. அது சுரந்த சிவப்புச் சாயத்துக்குக் கேன்சரைக் கொல்லும் குணம் இருந்தது. அந்த வட்டாரத்தில் முற்காலத்தில் வாழ்ந்த டவுனி என்ற மக்களின் பெயரையும், மாணிக்கக் கல்லுக்கான பிரெஞ்சுச் சொல்லையும் சேர்த்து டானோரூபிசின் என்று பெயர் வைத்தார்கள். அதன் தம்பி டாக்சோரூபிசினுக்கு ஏட்ரியாமைசின் என்ற பெயர் பக்கத்திலிருந்த ஏட்ரியாட்டிக் கடலால் வந்தது. பழைய ஃபைல்களில் 'ஏட்ரியா' என்று எழுதியிருந்தால் அது இதுதான்.

இந்த மருந்தைத் திட்ட நான் வரவில்லை. 1960-களின் தொடக்கம் வரை பிளட் கேன்சர் வந்த குழந்தைகளில் பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று வசதியான நாடுகளில் குழந்தைகளுக்கு வழக்கமாக வரும் வகை பிளட் கேன்சரில் பத்துக்கு ஒன்பது பேர் குணமாகிறார்கள். உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் கேன்சர் வருகிறது. 2030-க்குள் அவர்களில் குறைந்தது 60 சதவீதம் பேரையாவது எல்லா நாடுகளிலும் பிழைக்க வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் இலக்கு வைத்தது. அப்படிப் பிழைத்தவர்களில் பலரின் உடம்பில் இந்தச் சிவப்பு மருந்து ஓடியிருக்கிறது. என் தங்கை இன்று இருப்பதற்கும் அது ஒரு காரணம். ஆகவே, இப்போது பிள்ளைக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் பெற்றோர் இதைப் படித்துவிட்டு அந்த ஊசியை மறுத்துவிடாதீர்கள். தயவுசெய்து.

இதயத்தை ஏன் தொடுகிறது

கேன்சர் செல் ஓயாமல் இரண்டாகப் பிரிந்துகொண்டே இருக்கும். பிரியும்போது அதன் மரபிழையை அவிழ்த்து, வெட்டி, திரும்ப ஒட்டுவதற்கு டோபோஐசோமரேஸ் என்ற நொதி வேண்டும். சிவப்பு மருந்து அந்த நொதியைப் பாதி வேலையில் பிடித்து நிறுத்திவிடுகிறது. வெட்டிய இழை வெட்டியபடியே கிடக்க, செல் சாகிறது.

சரி, இதயத்தின் தசைச் செல் பிரிவதே அபூர்வமாயிற்றே, அதற்கு என்ன கெடுதல்? அங்கேதான் சிக்கல். அந்த நொதியின் இன்னொரு வகை இதயச் செல்லிலும் இருக்கிறது. மருந்து அதையும் பிடித்துக்கொள்கிறது. போதாததற்கு, உடம்பிலுள்ள இரும்புச்சத்தோடு சேர்ந்து செல்லை அரிக்கும் வேதிப்பொருள்களையும் உண்டாக்குகிறது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா அதில் அடிபடுகிறது. தோலில் காயம் பட்டால் புதுத்தோல் வந்துவிடும். இதயத்தில் அது நடக்காது. 25 வயதில் ஒருவருக்கு ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு இதயச் செல்தான் புதிதாக வருகிறது. போனது அநேகமாகப் போனதுதான்.

ஆனால் இது இருபது வருடம் கழித்து ஏன் தெரிகிறது? எனக்கும் நெடுநாள் புரியாமல் இருந்தது இதுதான். எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டாரை வைத்து யோசித்த பிறகே புரிந்தது.

ஆழ்துளைக் கிணற்றில் 800 அடியில் ஒரு மோட்டார் இறங்கியிருக்கிறது. ஒரு நாள் லோ வோல்டேஜில் ஓடி காயில் சூடாகிவிட்டது. எரியவில்லை. காயிலின் மேல்பூச்சு மட்டும் கொஞ்சம் வெந்துவிட்டது. மறுநாளும் தண்ணீர் வருகிறது. குழாய் நிறையவே வருகிறது. தோட்டக்காரருக்கு ஒன்றும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் மட்டம் மேலே இருக்கும்வரை அந்த மோட்டார் சமாளிக்கும். சித்திரையில் மட்டம் கீழே போய், கூடுதல் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ள வேண்டி வரும்போதுதான் திணறும். 'நேத்துவரைக்கும் நல்லா ஓடுச்சே' என்போம். நேற்று வரை அது தன் கையிருப்பைத் தின்று ஓடியது. பேனல் போர்டில் இருக்கும் ஆம்ப்ஸ் மீட்டரை அவ்வப்போது பார்த்திருந்தால் முள் ஏறுவதைக் கண்டு முன்பே தெரிந்துகொண்டிருக்கலாம்.

இதயமும் அப்படித்தான். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. சில செல்கள் போய்விட்டால் மிச்சமிருப்பவை அந்தப் பங்கையும் தாங்கிக்கொள்கின்றன. குழந்தை என்றால் இன்னொரு பாரமும் உண்டு. ஆறு வயதில் அடிபட்ட இதயம், பதினெட்டு வயது உடம்புக்கு ஈடுகொடுத்து வளர வேண்டும். செல்லின் எண்ணிக்கை குறைந்திருப்பதால் சுவர் போதிய தடிமன் ஆகாமல் மெலிந்தே நிற்கிறது. மெலிந்த சுவர் அதே அழுத்தத்தைத் தாங்க ஒவ்வொரு துடிப்பிலும் அதிகம் உழைக்கிறது. டாக்சோரூபிசின் பெற்றுக் குணமான 115 பிள்ளைகளை அமெரிக்காவில் பரிசோதித்து 1991-ல் ஒரு ஆய்வு வெளியானது. அவர்களில் 57 சதவீதம் பேரின் இதயத்தில் ஏதோ ஒரு மாறுதல் தெரிந்தது. பலர் ஓடியாடிக்கொண்டுதான் இருந்தார்கள். நோய் வேறு, மாறுதல் வேறு. மீட்டரின் முள் கொஞ்சம் ஏறியிருந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் என்றால் கழற்றி, புதிதாகக் காயில் கட்டிப் போட்டுவிடலாம். இதயத்துக்கு அந்த வசதி இல்லை. மீட்டரைப் பார்த்துக்கொண்டு பாரத்தைக் குறைப்பதுதான் வழி.

'மொத்தம் எவ்வளவு?'

மகப்பேறு மருத்துவர் கேட்ட கேள்வி இது. இதற்கான பதிலைப் பொறுத்தே மற்ற எல்லாமும் அமையும்.

கீமோ மருந்தை உடம்பின் மேற்பரப்பைக் கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள். மனைக்குச் சதுர அடி போல, உடம்புக்குச் சதுர மீட்டர். இருபது கிலோ எடையுள்ள பிள்ளையின் மேற்பரப்பு ஏறக்குறைய 0.8 சதுர மீட்டர். அதாவது எட்டரைச் சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். ஃபைலில் ஒரு நாள் ஊசி '24 மி.கி.' என்று இருந்தால், 24-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 30 மி.கி. வரும். சிகிச்சை தொடங்கிய நாள் முதல் முடிந்த நாள் வரை போட்ட எல்லாச் சிவப்பு ஊசிகளையும் இப்படிக் கூட்டினால் வருவது மொத்த அளவு. இதயத்துக்கு இருக்கும் ஆபத்து பெரும்பாலும் இந்த எண்ணோடு சேர்ந்துதான் ஏறுகிறது.

250-ஐத் தாண்டினால் அதிக ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள். 100 முதல் 250-க்குள் என்றால் நடுத்தரம். 100-க்குக் கீழே என்றால் குறைவு. குழந்தைகளின் பிளட் கேன்சர் சிகிச்சையில் பெரும்பாலும் 250-க்குள் முடிந்துவிடும். முழங்கால் பக்கம் எலும்பில் வரும் ஆஸ்டியோசார்கோமாவுக்கு வழக்கமான சிகிச்சையிலேயே 450 வரை போகும். ஆகவே 'எனக்கும் கேன்சர், அவனுக்கும் கேன்சர், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று ஒப்பிடுவதில் பொருளே இல்லை. எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். சிவப்பு மருந்துக் குடும்பத்துக்குள்ளேயும் மருந்துக்கு மருந்து வித்தியாசம் உண்டு. டானோரூபிசின் இதயத்தை டாக்சோரூபிசின் அளவு வாட்டுவதில்லை. மைட்டோசான்ட்ரோன் என்ற நெருங்கிய சொந்தக்கார மருந்து பல மடங்கு கடுமை. அந்த மாற்றுக் கணக்கை மருத்துவர் போட்டுக்கொள்வார். அவருக்கு எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று தெரிந்தால் போதும்.

எண் ஒன்றேயாக இருந்தாலும் எல்லோருக்கும் ஆபத்து ஒன்று அல்ல. ஐந்து வயதுக்குள் மருந்து பெற்றவர்களுக்கும் பெண்களுக்கும் கொஞ்சம் கூடுதல்.

அப்புறம் கரண்ட். நம் ஊரில் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் 'கரண்ட் வைத்தார்கள்' என்றுதான் சொல்வோம். நெஞ்சில் வைத்திருந்தால் அது இதயத்திலும் பட்டிருக்கும். சிவப்பு மருந்து தசையைத் தொடுகிறது என்றால், கரண்ட் இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள், வால்வுகள், வெளியுறை, துடிப்பை நடத்தும் மின்பாதை என்று எதையும் தொடலாம். இளம் வயதிலேயே ரத்தக்குழாய் அடைப்பு வர இதுவும் ஒரு காரணம். நெஞ்சு என்றதும் நிணநீர்க் கட்டிகளில் வரும் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற கேன்சர்தான் நினைவுக்கு வரும். ஆனால் முதுகெலும்பு முழுவதும் வைத்தவர்கள், வயிற்றின் மேல்பகுதியில் வைத்தவர்கள், எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு முன் உடம்பு முழுக்க வைத்தவர்கள் ஆகியோரின் இதயமும் அந்த வழியில்தான் இருந்தது. இதன் அளவு 'கிரே' என்ற அலகில் ஃபைலில் இருக்கும். மருந்தும் கரண்டும் இரண்டும் பெற்றவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் சிறுவயதில் கேன்சர் குணமான 14,000-க்கும் மேற்பட்டவர்களைக் கூடப்பிறந்தவர்களோடு ஒப்பிட்டு 2009-ல் வெளியான ஆய்வில், இதயச் செயலிழப்பு சுமார் ஆறு மடங்கும் மாரடைப்பு ஐந்து மடங்கும் அதிகமாக இருந்தன. இந்த எண்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் ஒரு மருத்துவர் சொன்னது ஆறுதலாக இருந்தது. இளம் வயதில் மாரடைப்பு என்பது மிக அபூர்வம். அபூர்வத்தை ஐந்தால் பெருக்கினாலும் பெரும்பாலானவர்களுக்கு அது வருவதில்லை. உண்மைதான். ஆனால் அந்தச் சிலரில் நாம் இருக்கிறோமா என்பதை மீட்டரைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

மீட்டர்

மீட்டர் என்பது எக்கோ. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் போலத்தான், ஒலியலையில் இதயத்தைப் பார்ப்பது. கரண்டும் இல்லை, ஊசியும் இல்லை, வலியும் இல்லை. அதில் வரும் முக்கியமான எண்ணை நம் மக்கள் 'பம்பிங்' என்கிறார்கள். இடது கீழறையில் 100 மி.லி. ரத்தம் நிரம்பி, ஒரு துடிப்பில் 60 மி.லி. வெளியே போனால் பம்பிங் 60 சதவீதம். 55-க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது. 40-க்குக் கீழே போனால் தெளிவான பலவீனம். பம்பிங் குறைவதற்கு முன்பே தசை சுருங்கும் விதத்தில் வரும் சிறு மாறுதலைக் காட்டும் 'ஸ்ட்ரெயின்' என்ற அளவும் இப்போது நல்ல எக்கோ கருவிகளில் எடுக்கிறார்கள். எக்கோ எடுக்கப் போகும்போது காரணத்தைச் சொல்லிவிட்டால் அதையும் பார்ப்பார்கள். பழைய எக்கோ ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். 62-லிருந்து 54-க்கு வந்தது ஒரு செய்தி. வெறும் 54 என்றால் அதில் பாதிச் செய்திதான் இருக்கிறது.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை? பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து 2023-ல் திருத்திய வழிகாட்டுதல்படி, மொத்த அளவு 250-க்கு மேல் இருந்தால், அல்லது இதயத்தில் 30 கிரேக்கு மேல் கரண்ட் பட்டிருந்தால், அல்லது 100-க்கு மேல் மருந்தும் 15 கிரேக்கு மேல் கரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. நடுத்தரத்துக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. அதற்கும் குறைந்தவர்களுக்கு வழக்கமான எக்கோ தேவையில்லை. எக்கோ தேவைப்படுபவர்களுக்குச் சிகிச்சை முடிந்த இரண்டு வருடத்துக்குள் முதல் எக்கோ. பிறகு ஆயுள் முழுக்க. 'பத்து வருடம் நன்றாக இருந்துவிட்டது, இனி வேண்டாம்' என்று நிறுத்துவதற்கு இதில் இடமில்லை.

நம் பக்கத்தில் நடப்பது என்னவென்றால், பதினெட்டு வயது ஆனதும் குழந்தைகள் மருத்துவரிடம் போவது நின்றுவிடுகிறது. பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவருக்குப் பழைய கதை தெரியாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சிகிச்சை முடிந்தவர்களைத் தொடர்ந்து பார்ப்பதற்கென்றே 1991 முதல் தனி கிளினிக் நடக்கிறது. அப்படி ஒன்று எல்லா ஊரிலும் இருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். இல்லாத ஊரில் நாமேதான் கதையைச் சுமந்துகொண்டு போக வேண்டும். எக்கோ எடுக்கப் பெரிய கேன்சர் மையம் வேண்டியதில்லை. கோவை அரசு மருத்துவமனையில் எடுக்கலாம், இதய மருத்துவர் இருக்கும் வேறு இடங்களிலும் எடுக்கலாம்.

இடையில் உடம்பு சொல்லும் சேதிகளையும் கேட்க வேண்டும். நடந்தால் மூச்சு வாங்குவது, மல்லாந்து படுக்க முடியாமல் தலையணை மேல் தலையணை வைப்பது, கணுக்கால் வீங்குவது, படபடப்பு, மயக்கம். இவை தெரிந்தவை. தெரியாத ஒன்று இருக்கிறது. இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு இதயம் தளரும்போது நெஞ்சைவிட வயிறுதான் முதலில் காட்டிக்கொடுக்கலாம். வேலை செய்தால் குமட்டல், வயிற்று வலி, வாந்தி. நம் ஊரில் இதற்கு ஒரே பெயர்தான்: கேஸ். ஒரு கோலி சோடாவோ இரண்டு மாத்திரையோ போட்டுவிட்டு மறுபடி ஷிஃப்டுக்குப் போய்விடுவோம். சின்ன வயதில் சிவப்பு மருந்து பெற்றவருக்கு இது திரும்பத் திரும்ப வந்தால் கேஸ் என்று விட்டுவிடக் கூடாது.

பாரம் ஏறும் நேரங்கள்

தண்ணீர் மட்டம் கீழே போகும் சித்திரை எது என்று பார்த்தால், முதலில் நிற்பது பிரஷர்தான். சிவப்பு மருந்தோ நெஞ்சுக் கரண்டோ பெற்ற ஒருவருக்கு ரத்த அழுத்தமும் சேர்ந்தால், ஆபத்து தனித்தனி ஆபத்துகளைக் கூட்டி வருவதைவிட மிக அதிகமாகிறது என்று பெரிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இதைக் கெட்ட செய்தியாக மட்டும் நான் பார்க்கவில்லை. 1999-ல் போட்ட ஊசியை இன்று திரும்ப எடுக்க முடியாது. ஆனால் பிரஷரை இன்றே பார்க்கலாம், குறைக்கலாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கிறார்கள். முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் 'நமக்கு எதற்கு' என்று போவதில்லை. இவர்கள் போக வேண்டும், வருடத்துக்கு ஒருமுறையாவது. சர்க்கரையையும் கொழுப்பையும் கூடவே பார்த்துக்கொள்ள வேண்டும். குறிப்பாகச் சிறுவயதில் தலையில் கரண்ட் வைத்தவர்களுக்கு எடை கூடுவதும் சர்க்கரை வருவதும் அதிகம்.

திருப்பூரில் தெருவுக்குத் தெரு பேக்கரி. நைட் ஷிஃப்ட் முடிந்தால் டீயும் பஃப்ஸும்தான் சாப்பாடு. வீட்டில் அரிசிம்பருப்புச் சாதத்துக்கு அப்பளமும் ஊறுகாயும் இல்லாமல் இறங்காது. என் தங்கை அரிசிம்பருப்பை விடவில்லை. ஊறுகாயை விட்டாள், அப்பளத்தை அமாவாசைக்கு மட்டும் என்று ஆக்கினாள். புகையிலை எந்த வடிவிலும் வேண்டாம். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

உடற்பயிற்சி என்றால் வீட்டில் பயப்படுகிறார்கள். "நோய்ல கிடந்த புள்ள, ஓடியாட வேண்டாம் சாமி" என்று சின்னதிலிருந்தே உட்கார வைத்துவிடுகிறோம். இது தப்பு. குணமானவர்கள் சுமார் 15,000 பேரை வைத்து 2018-ல் வெளியான ஆய்வில், நன்றாக மூச்சு வாங்கப் பயிற்சி செய்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. வேகமாக நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், கபடி கூட ஆடலாம். அதிக அளவு மருந்து பெற்றவர்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிய எடை தூக்குவதற்கு முன் மட்டும் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஜிம்மில் தூக்கினாலும் சரி, லோடு ஏற்றும் வேலையில் தூக்கினாலும் சரி. அதே போல மலை. சென்னிமலையின் 1,320 படியை நிதானமாக ஏறுவது வேறு, வெள்ளியங்கிரியின் ஏழு மலையை ராத்திரியோடு ராத்திரியாக ஏறுவது வேறு. அங்கே மூச்சுத் திணறி இறந்தவர்களின் செய்தி சீசனில் வரத்தான் செய்கிறது. அதிக ஆபத்துப் பிரிவில் இருப்பவர் எக்கோ பார்க்காமல் வெள்ளியங்கிரிக்கு மாலை போடக் கூடாது என்பது என் கருத்து.

அடுத்து கர்ப்பம். வயிற்றில் பிள்ளை வளர வளர, தாயின் உடம்பில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. இதயம் அத்தனையையும் சுற்றிவிட வேண்டும். கையிருப்பு குறைந்த இதயத்துக்கு இதுதான் பெரிய சோதனை. ஆகவே சிவப்பு மருந்தோ நெஞ்சில் கரண்டோ பெற்ற பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே, இல்லாவிட்டால் முதல் மூன்று மாதத்துக்குள் எக்கோ எடுத்துவிட வேண்டும். பம்பிங் குறைவுக்காக ஏற்கெனவே எனலாப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள், பிள்ளை உண்டாகும் எண்ணம் வந்ததுமே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த வகை மாத்திரை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. மாற்றித் தருவார்கள். பெரும்பாலான பெண்களுக்குப் பிரசவம் நல்லபடியாகவே நடக்கிறது.

என் தங்கைக்குப் பம்பிங் 52 வந்தது. பயப்படும் அளவு அல்ல, விட்டுவிடும் அளவும் அல்ல என்றார் இதய மருத்துவர். கோபியில் பக்கத்து நர்ஸிங்ஹோமில் நினைத்திருந்த பிரசவத்தை, இதய மருத்துவர் இருக்கும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். மாதம் தவறாமல் இரண்டு மருத்துவர்களும் பேசிக்கொண்டார்கள். பெண் குழந்தை, 2.8 கிலோ.

இப்போது சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு சேதி. டெக்ஸ்ராசாக்சேன் என்று ஒரு மருந்து உண்டு. சிவப்பு ஊசிக்குச் சற்று முன்பாகப் போட்டால் இதயத்தைக் காக்க உதவுகிறது. எல்லோருக்கும் தேவைப்படாது. அதிக அளவு திட்டமிட்டிருந்தால் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஃபைல்

ஏன் ஒளிக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். கல்யாணம். ஜாதகம் பார்க்க வரும் ஒறம்பரைக்குத் தெரிந்துவிட்டால் பெண் வீட்டோடு நின்றுவிடுவாள் என்ற பயம். பையன்களுக்கும் இதே கதைதான். இந்தப் பயத்தில் பாதி, 'ரத்தத்தில் வந்தது பிள்ளைக்கும் வருமோ' என்பது. குழந்தைகளுக்கு வரும் கேன்சரில் பெரும்பகுதி வழிவழியாக வருவது அல்ல. கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவின் ஒரு வகை போலச் சிலவே பரம்பரையில் இறங்குபவை, அவற்றுக்கு முன்கூட்டியே பரிசோதனை உண்டு. வழக்கமான பிளட் கேன்சர் பெற்றவரின் பிள்ளைக்கு அதனால் அது வந்துவிடாது. இதைத் தெரிந்துகொண்டு பெண் கேட்டு வருபவர்கள் வரட்டும் என்பேன் நான். நடு ராத்திரியில் மூச்சுத் திணறினால் காரை எடுப்பவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டாமா? எங்கள் மாப்பிள்ளை விஷயம் தெரிந்த அன்று கோபப்பட்டார். நோய்க்காக அல்ல, மறைத்ததற்காக. அந்தக் கோபம் நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஃபைலை ஆற்றில் விட்டாயிற்று என்றுதான் அம்மா இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். பம்பிங் 52 என்று கேட்ட அன்று சாயங்காலம் சாளைக்குப் போய், தன் கூறைப்புடவை வைத்திருந்த பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்துவந்தார். கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. முதல் பாதியில் டானோரூபிசின் 24 மி.கி. நான்கு முறை என்று தெளிவாக இருந்தது. மிச்சத்துக்கு ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் பிரிவில் பழைய ஓ.பி. எண்ணைக் கொடுத்து எழுதிக் கேட்டோம். பத்து நாளில் சுருக்கம் கொடுத்தார்கள். ஏட்ரியா, அதுவும் 24 மி.கி. நான்கு முறை. மேலே சொன்ன கணக்கில் 120-ம் 120-ம் 240. டானோவுக்கான தள்ளுபடி போக அதற்கும் குறைவு. நடுத்தரம் என்றார் மருத்துவர். ஆனால் பம்பிங் விளிம்பில் இருப்பதால் ஐந்து வருடம் காத்திருக்காமல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்.

உங்கள் வீட்டில் ஃபைலே இல்லையென்றால் கைவிட்டுவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டு ஒன்று கிடைத்தாலும் உதவும். எந்த வருடம், எந்த ஆஸ்பத்திரி, என்ன வகைக் கேன்சர், சிகிச்சைத் திட்டத்தின் பெயர் என்ன என்று தெரிந்தால், அந்தத் திட்டத்தில் சிவப்பு மருந்து எவ்வளவு இருந்திருக்கும் என்று மருத்துவரால் கிட்டத்தட்டச் சொல்ல முடியும். அதுவும் தெரியாவிட்டால், சிறுநீர் சிவப்பாகப் போனது அம்மாவுக்கு நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். நெஞ்சில் மையால் கோடு போட்டுக் கரண்ட் வைத்தார்களா என்று கேளுங்கள். மருத்துவருக்கு அதுவும் ஒரு தொடக்கம்தான். கிடைத்ததை ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: நோயின் பெயர், அப்போதைய வயது, ஒவ்வொரு மருந்தின் மொத்த அளவு, கரண்ட் வைத்த இடமும் கிரேயும், கடைசி எக்கோவின் தேதியும் பம்பிங்கும்.

எங்கள் பக்கத்தின் போட்டோ தங்கையின் போனில் இருக்கிறது, மாப்பிள்ளையின் போனில் இருக்கிறது, என் போனிலும் இருக்கிறது. ஜெராக்ஸ் ஒன்று ரேஷன் கார்டோடு பீரோவில் இருக்கிறது. அடுத்த எக்கோ தை மாதம். அந்தத் தேதியைத் தினசரிக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பவர் அம்மா.